கச்சான் வறுத்த மணல்

நாலு மணிக்கு அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்தான்.

அத்தான். என் அக்காவின் மனுசன். ஈயம் உருக்குவது அவர். அடுப்புக்கு மிகக் கிட்ட இருப்பதும் அவர்.

அக்கா. சிரட்டை போட்டு நெருப்பைப் பார்ப்பவள்.

நான். வார்த்த ஈயத்தை வெட்டி வலையில் கட்டுகிறவள். என் மனுசன் செத்த பிறகு அக்காவின் வளவில் ஒரு கொட்டில் போட்டு இருந்தேன். இன்றைக்கும் அங்கேதான்.

நானா. முல்லைத்தீவில் பழைய இரும்பு வாங்கி விற்கிற முஸ்லிம் மனிதர். எங்களுக்குப் பழைய பற்றரி கொண்டுவருகிறவர். வந்த நாட்களில் மட்டும் இருப்பார். அவருக்கென்று ஒரு மரக்குத்தி கிடந்தது. வேறு ஆள் அதில் இருந்தால் எழுப்பிவிடுவார்.

நாய் ஒன்று. கச்சானின், அதாவது நிலக்கடலையின், கோது தின்னும் நாய். அது கணக்கில் இல்லை என்று அத்தான் சொல்வார்.

கடல் நீர் உள்ளே வந்து நிற்கிற கொக்கிளாய்க் களப்பு எங்கள் வளவிலிருந்து கூப்பிடு தூரம். காற்று மாறினால் சேற்று மணம் குசினிக்குள் வரும். கடல் தொழில் படுக்கிற மாதங்களில் அத்தான் ஈயம் உருக்குவார். அயலில் இருந்த வீச்சுவலைகளுக்கெல்லாம் எங்கள் வளவில்தான் ஈயம் கட்டினோம். அதை அவர் தொழில் என்று நினைத்ததில்லை. தொழில் என்றால் கடல், களப்பு. இது சும்மா இருக்கிற நேரத்துக் கைவேலை. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்பால் ஒரு வருசம் வீணாகப் போனது.

நானா சின்ன லொறியில் பற்றரிகளைக் கொண்டுவந்து இறக்குவார். உழவு இயந்திரத்துப் பற்றரி, பஸ் பற்றரி, எல்லாம் இருக்கும். அத்தான் கோடாலியால் கொத்தித் திறப்பார். உள்ளே சாம்பல் நிறத்தில் தட்டுத் தட்டாக இருக்கும். தாச்சியில் போட்டுச் சிரட்டை நெருப்பில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் தளரும். மேலே அழுக்குக் கட்டும். அகப்பையால் வழித்துப் போட்டால் கீழே ஈயம் கண்ணாடி போலக் கிடக்கும். முகம் தெரியும். அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்துத் தலைமயிரைச் சரிசெய்தாள்.

"வடிவாப் பார். பிறகு என்னைக் குறை சொல்லாதை" என்றார் அத்தான்.

"நான் பாத்தது உங்கடை முகத்தை. அதுதான் கறுத்துக் கிடக்கு."

உருகினதைச் சீமெந்துக் கல்லில் மெல்லிசாக ஊற்றுவார். ஆறினால் தகடு. அதை நான் நகமளவு துண்டுகளாக வெட்டுவேன். ஒவ்வொரு துண்டையும் வலையின் அடிக்கயிற்றில் சுற்றிக் கடித்து இறுக்க வேண்டும். இரண்டு கையும் கயிற்றில் இருக்கும். அதனால் துண்டுகள் வாயில். கன்னத்துக்குள் ஒரு பிடி அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி எடுப்பேன். குறடும் இருந்தது. குறடு கயிற்றை வெட்டும் என்று அத்தான் விடமாட்டார். பல்லுக்கு அளவு தெரியும் என்பார். ஈயம் கொஞ்சம் இனிக்கும். சீனி போல அல்ல. பனங்கிழங்கின் அடி போல ஒரு இனிப்பு.

நானா சொல்வார்: "தங்கச்சியின்ரை வாயிலை ஈயம் இருக்கும்வரைதான் இந்த வளவிலை அமைதி."

நான் பதில் சொல்வதில்லை. வாயில் ஈயம்.

தாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனத்த இரும்புத் தாச்சி. அக்காவின் கலியாணத்துக்கு எங்கள் அம்மா கொடுத்தது. சண்டைக் காலத்தில் எத்தனை இடம் மாறினோமோ அத்தனை இடமும் அது வந்தது. அலுமாரி, கதிரை, தையல் மெசின் எல்லாம் விட்டோம். தாச்சியை அவள் விடவில்லை. ஒருமுறை பங்கருக்குள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள். அடுத்தநாள் அதே தாச்சியில் பருப்பு வைத்தாள். திரும்பி வந்து குடியேறின பிறகு அத்தான் ஈயத்துக்கு முதலில் ஒரு அலுமினியச் சட்டியைத்தான் எடுத்தார். அது அடி ஓட்டையாகி ஈயம் நெருப்பில் கொட்டியது. பிறகு அக்காவே தாச்சியைக் கொடுத்தாள். சமையலுக்கு வேறு சட்டிகள் வந்துவிட்டன. அத்தானின் கை எரியாமல் இருந்தால் போதும் என்றாள்.

ஈயம் ஊற்றி முடிய நாலு மணியாகும். அடுப்பில் தணல் நிறைய மிஞ்சும். சிரட்டைத் தணல். கடற்கரை மீன்வாடியில் பிறந்தவளுக்கு விறகின் அருமை தெரியும். வீணாக விட அக்காவுக்கு மனம் வராது. தாச்சியைத் துடைத்து, அதில் மணலைக் கொட்டி, மணல் சுட்டதும் கச்சானைக் கோதோடு போட்டு வறுப்பாள். கச்சான் நானா கொண்டுவருவது. பற்றரி வந்த அதே லொறியில் ஒரு சாக்கில் வரும்.

மணல் கடற்கரை மணல். அரித்து எடுத்தது. அதை ஒரு பிஸ்கட் பேணியில் வைத்திருந்தாள். வறுத்து முடிந்ததும் மணலைத் திரும்பப் பேணியில் போட்டு மூடுவாள். புது மணலில் கச்சான் ஒரு பக்கம் கருகும். பழைய மணல்தான் சூட்டைச் சரியாகப் பிடிக்கும். வருசக்கணக்காக அதே மணல். கறுத்து, நெய் பூசினது போல மினுங்கும். கேட்கிறவர்களுக்குக்கூட அக்கா அந்த மணலில் ஒரு பிடி கொடுக்கமாட்டாள்.

முதல் பிடி ஈயம் ஊற்றினவருக்கு. அது எங்கள் வளவின் முறை. அத்தான் கை கழுவாமலே வாங்குவார். சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றி ஊதுவார். பிறகு நானாவுக்கு. பிறகு எங்களுக்கு. கோதை நசித்தால் ஒரு வாசம் வரும். அதை எனக்கு எழுதத் தெரியாது. மழை வரப் பார்க்கிற நாட்களில் அது வளவு முழுக்க நிற்கும். ஒருவரும் அவ்வளவாகக் கதைக்கமாட்டோம். கோது உடைகிற சத்தம் மட்டும் கேட்கும். நானா போகும்போது சட்டைப் பை நிறையப் போட்டுக்கொண்டு போவார். "வீட்டை எங்கை போய்ட்டு வாறீங்களெண்டு கேட்டா இதைத்தான் காட்டுறனான்" என்பார்.

நான் நல்லாக இருந்த நாட்கள் என்றால் அவைதான். மனுசன் போன பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது அந்த அடுப்படியில்தான்.

இனி அத்தானின் கை.

களப்பில் வீச்சுவலை எறிகிறவர்கள் பலர். அத்தான் எறிந்தால் மற்றவர்கள் தங்கள் வலையைத் தோளில் வைத்தபடி நின்று பார்ப்பார்கள். இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். வலையின் ஒரு பகுதி இடது முழங்கையில், ஒரு பகுதி வலது கையில், ஒரு ஓரம் பல்லில். உடம்பை ஒருதரம் திருப்புவார். வலது மணிக்கட்டை மேலே வெட்டுவார். அவ்வளவுதான். வலை வானத்தில் வட்டமாக விரியும். ஈயங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். ஒரே ஒரு சத்தம். எறியத் தெரியாதவனின் வலையில் ஈயம் மழை பெய்வது போல விழும். அத்தானுடையது கதவு சாத்தினது போல.

அவருக்கு ஒரு பழக்கம். பருவத்தின் முதல் வீச்சை எண்ணமாட்டார். எண்ணினால் களப்பு கணக்குப் பார்க்கத் தொடங்கும் என்பார். அள்ளிக் கடகத்தில் போட்டு மூடி அக்காவிடம் கொடுப்பார். அக்காவும் எண்ணாமல் சட்டியில் போடுவாள்.

அந்தக் கையால்தான் எங்கள் மூன்று பேருக்கும் சோறு.

முதலில் வந்தது வயிற்றுக் குத்து. அத்தான் தொப்புளுக்குக் கீழே கையை வைத்து மடங்கிப்போய் இருப்பார். மலம் இறுகும். கச்சான் கூடிப்போச்சு என்று நானா பகிடி விட்டார். நாங்கள் சிரித்தோம். பிறகு முகம் வெளிறியது. நித்திரை குறைந்தது. கோபம் வந்தது. ஒருநாள் நாய்க்கு அடித்தார். அது அவர் முன்னர் செய்யாதது. அடித்துவிட்டுத் தானே பக்கத்தில் போய் இருந்தார்.

மாரி ஓய்ந்து களப்பில் இறால் விழத் தொடங்கின நாள் அவர் முதல் வீச்சுக்கு இறங்கினார். நானும் அக்காவும் கரையில் கடகத்தோடு நின்றோம். உடம்பைத் திருப்பினார். வலை கையை விட்டுப் போகவில்லை. ஒரு மூட்டை போல அவர் முன்னாலேயே விழுந்தது. சேறு முகத்தில் அடித்தது. கொஞ்சம் தள்ளி நின்ற ஒருவர், "அண்ணை, நேற்று கூடிப்போச்சோ" என்று கேட்டார். அத்தான் குடிக்கிறவர் அல்ல. அவர் வலது கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பார்த்தார். மணிக்கட்டுக்குக் கீழே கை தொங்கியது. விரல்கள் மடங்கின. நிமிரவில்லை.

நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் வாதம் என்று எண்ணெய் கொடுத்தார். அக்கா காலையும் மாலையும் தேய்த்தாள். மாதா கோவிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். கிளினிக்குக்குப் போனோம். அங்கே இருந்தவர் என்ன தொழில் என்று கேட்டார். கடல் என்றார் அத்தான். அவரும் வாதம் என்று எழுதினார். கிழமைக்கொருதரம் போய் வந்தோம். கையில் மாற்றமில்லை. அந்தப் பருவம் முழுக்க வலை கூரை வளையில் தொங்கியது. நான் மற்றவர்களின் மீன் காயவைக்கப் போனேன். அத்தான் ஈயம் உருக்கினார். இடது கையால் அகப்பை பிடிக்கலாம். கடல் இல்லையென்றால் இதையாவது செய்வோம் என்றார். ஒருநாளும் விடவில்லை. நாலு மணிக்குக் கச்சானும் விடவில்லை.

இப்படித்தான் அந்த வருசம் போனது.

பெரிய ஆசுபத்திரிக்குப் போனது வயிற்றுக் குத்துத் தாங்காமல். அங்கே ஒரு டொக்டர் அம்மா. சின்ன வயசு. கண்ணாடி போட்டவர். அத்தானை வாய் திறக்கச் சொன்னார். வெற்றிலைக் காவியைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு ஒரு தட்டையான குச்சியால் கீழ்ச் சொண்டை விலக்கி, லைற் அடித்து, கனநேரம் பார்த்தார். பல்லும் முரசும் சேருமிடத்தில் நீலக் கறுப்பில் ஒரு கோடு. நான் எட்டிப் பார்த்தேன். பேனையால் கீறினது போல இருந்தது. வெற்றிலை என்றுதான் நினைத்திருப்போம்.

"என்ன தொழில்?"

"கடல்."

"கடல் படுக்கேக்கை?"

இதை அதற்கு முதல் ஒருவரும் கேட்கவில்லை. அத்தான் சொன்னார். பற்றரி, தாச்சி, தகடு, எல்லாம். டொக்டர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஈயம் நஞ்சு என்றார். புகையாலும் தூசியாலும் வாயாலும் உள்ளுக்குப் போகும், எலும்பில் தங்கும், வயிற்றையும் நரம்பையும் பிடிக்கும், கை விழுந்ததும் அதனால்தான் என்றார். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு வந்தது. ஒரு ஆளில் இருக்கக்கூடாத அளவு. என்னுடைய இரத்தமும் அக்காவுடையதும் எடுத்தார்கள். எங்களுக்கும் இருந்தது. அவருக்கு இருந்ததைவிடக் குறைவு.

"கை திரும்புமோ?" என்று அக்கா கேட்டாள்.

"திரும்பும். ஆனா ஈயம் உள்ளுக்குப் போறதை நிப்பாட்ட வேணும். நிப்பாட்டினா உடம்பு மெல்ல மெல்ல வெளியிலை தள்ளும். நிப்பாட்டாட்டி நான் என்ன மருந்து தந்தும் வேலையில்லை."

அன்றைக்கே நிறுத்தினோம். மிஞ்சின பற்றரிகளை நானா ஏற்றிக்கொண்டு போனார். போகும்போது தலை குனிந்தபடி போனார். தான் கொண்டுவந்து கொடுத்தது என்ற எண்ணம் அவருக்கு. அத்தான், "கச்சானைக் கொண்டு வாங்கோ நானா, அதை நிப்பாட்டச் சொல்லேல்லை" என்றார். நான் வாயில் ஈயம் வைப்பதை விட்டேன். அக்கா தாச்சியைச் சாம்பல் போட்டு, பொச்சு மட்டையால், மூன்று தண்ணீரில் கழுவினாள். இரும்பின் நிறம் தெரியும்வரை தேய்த்தாள்.

மணலைக் கழுவ யார் நினைப்பார்கள்?

அத்தானுக்கு அந்த நாட்களில் சோறு இறங்காது. மீன் மணத்தால் ஓங்காளம் வரும். நாலு மணிக் கச்சான் மட்டும் இறங்கும். அக்காவுக்கு அது பெரிய ஆறுதல். ஈயம் இல்லாத அடுப்பைக் கச்சானுக்கென்றே மூட்டினாள். ஒரு பிடி இரண்டு பிடியானது. "எதையாவது தின்னுறாரே" என்பாள். நானா மரக்குத்தியில் வந்து இருப்பார். நாய் காலுக்குள் படுக்கும். ஈயம் போனாலும் நாலு மணி போகவில்லை என்று நான் சந்தோசப்பட்டேன். அதுவும் உண்மை.

அடுத்த முறை இரத்தம் எடுத்தபோது இறங்கியிருக்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது. டொக்டர் அம்மா கடுதாசியைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார்.

"நீங்கள் இன்னும் உருக்கிறீங்கள்."

"இல்லை."

"இரத்தம் பொய் சொல்லாது, ஐயா."

"நானும் சொல்லுறேல்லை."

அவர் நம்பவில்லை. முகத்தில் தெரிந்தது. வேறு ஆட்களும் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். பஸ்ஸில் அத்தான் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். வீட்டுப் படலையில் வைத்துத்தான் வாய் திறந்தார். "இனி அங்கை போகமாட்டன்" என்றார். அக்கா கெஞ்சினாள். கை எண்டாலும் போகட்டும், கள்ளன் எண்ட பேரோடை போய் இருக்கமாட்டன் என்றார். அன்றிரவு வளையில் தொங்கின வலையை இறக்கிச் சுருட்டிப் பரணில் போட்டார். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஏலாமல் இருந்தது. வலை வளையில் தொங்கினால் எறிகிறவன் இருக்கிறான் என்று அர்த்தம்.

அந்தக் கிழமையே பி.எச்.ஐ வந்தார். சுகாதாரப் பகுதியால் வீடு பார்க்க வருகிற உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துப் பெடியன். மோட்டார் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு மரியாதையாகத்தான் வந்தார். ஆனால் வந்தது ஒளித்து உருக்குகிறோமா என்று பார்க்க. அது எங்களுக்கும் தெரியும். வளவைச் சுற்றிப் பார்த்தார். பற்றரி இல்லை. ஈய அழுக்கைப் புதைத்த இடத்தைக் காட்டினோம். பின்பக்கம் வந்து அடுப்புக்கு மேலே கையைப் பிடித்தார்.

"அடுப்பு சுடுகுது."

அக்காவுக்குக் கோபம்.

"சுடாமல் என்ன செய்யும். இப்பதான் கச்சான் வறுத்தனான்."

குசினிக்குள் போய் ஒரு கோப்பை நிறையக் கொண்டுவந்து நீட்டினாள். சாட்சி போல. இன்னும் சூடு. நானாவும் அன்றைக்கு இருந்தார். தன் குத்தியை விட்டு எழும்பி ஐயாவை இருக்கச் சொன்னார். அது அவர் லேசில் செய்கிற காரியம் அல்ல. பி.எச்.ஐ இருந்தார். ஒன்றை உடைத்து வாயில் போட்டார். இன்னொன்று. நல்லாயிருக்கு என்றார். எங்களைச் சந்தேகப்பட்டது அவருக்கே கூச்சமாகிவிட்டது என்று நினைக்கிறேன். மழையைப் பற்றிக் கதைத்தார். இறால் விலையைப் பற்றிக் கதைத்தார். கோப்பையில் அரைவாசி முடிந்தது.

"இவ்வளவு சமனா எப்பிடி வறுக்கிறீங்கள் அக்கா? எங்கடை வீட்டிலை கருகிப் போகுது."

அக்காவின் முகம் மலர்ந்தது.

"அது தாச்சி. என்ரை அம்மாவின்ரை. ஈயம் உருக்கிற தாச்சிதான், கனம் எண்டபடியாச் சூடு ஒரே மாதிரி நிக்கும். மணலும் பழசு. தொடக்கத்திலை இருந்து அதே மணல்தான்."

அவர் வாய் அசைவது நின்றது.

பிறகு எழும்பி வேலிப் பக்கம் போய்த் துப்பினார். தண்ணீர் கேட்டு வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து மணலைக் காட்டச் சொன்னார். அக்கா பேணியைக் கொண்டுவந்தாள். சுளகில் கொஞ்சம் கொட்டி, என்னைப் புடைக்கச் சொன்னார். புடைத்தேன். மணல் முன்னுக்குப் போனது. பின்னுக்கு, கனமானது நின்றது. சின்னச் சின்ன ஈய மணிகள். நெத்தலியின் கண்ணளவு. மற்றது சாம்பல் நிறத் தூள். அது மணலை விட நிறைய இருந்தது போல எனக்குப் பட்டது.

தாச்சி கழுவினது. மணலில் இருந்து ஒவ்வொரு நாளும் கச்சான் கோதில் ஒட்டி, எங்கள் விரலில் ஒட்டி, வாய்க்குள் போனது. நிறையத் தின்றவருக்கு நிறைய.

நானா தன் சட்டைப் பையைக் கவிழ்த்தார். கச்சான்கள் நிலத்தில் விழுந்தன. நாய் எழும்பி வந்தது. அத்தான் காலால் தடுத்தார்.

"வேறை ஆர் சாப்பிட்டது?" என்று பி.எச்.ஐ கேட்டார்.

நானா தன் வீட்டுப் பிள்ளைகளைச் சொன்னார். அக்கா வேறு ஒருவரும் இல்லை என்றாள்.

பி.எச்.ஐ போன பிறகு அக்கா தாச்சியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மணலைக் கொட்டுவம், தாச்சியை விடேலாது என்றாள். பங்கருக்குள்ளை என்னைக் காப்பாத்தினது என்றாள். அத்தான் வற்புறுத்தவில்லை. இவ்வளவு நாளும் எனக்கு நஞ்சூட்டினது நீ இல்லை, இந்தத் தாச்சி எண்டு நினைச்சுக்கொள் என்று மட்டும் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் அழுதாள்.

காலையில் நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். அக்கா தாச்சியோடு வந்தாள். என் காலடியில் கவிழ்த்து வைத்தாள். அலவாங்கை எடுத்து என் கையில் தந்தாள்.

"குத்து."

"ஏனக்கா?"

"நத்தார்ப் பெருநாளுக்கு ஸ்கந்தபுரத்துக்கு ஒரு போத்தல் வறுத்து அனுப்பினனான்."

ஸ்கந்தபுரத்தில் அவளுடைய ஒரே மகள் கலியாணம் கட்டி இருக்கிறாள். அங்கே பல்லு முளைத்த வயதில் ஒரு பேரப்பிள்ளை.

குத்தினேன். பழைய இரும்பு. மூன்றாம் குத்தில் வெடித்தது. அக்கா நின்று பார்த்தாள். உள்ளே போகவில்லை. பி.எச்.ஐ சொன்ன மாதிரி, கிணற்றுக்குத் தூரத்தில் ஆழமாகக் கிடங்கு வெட்டித் தாச்சியையும் மணலையும் தாட்டோம். பிறகு அவள் பஸ் ஏறி ஸ்கந்தபுரம் போனாள். பிள்ளையின் இரத்தம் பார்த்து முடிவு வரும்வரை திரும்பி வரவில்லை. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கோது உடைக்கத் தெரியாத பிள்ளை. போத்தலைத் தகப்பன்தான் முடித்தவராம். அவருக்கும் பெரிசாக இல்லை. நானாவின் பிள்ளைகளில் ஒருவருக்குக் கொஞ்சம் இருந்தது. அது இறங்கிவிட்டது.

அத்தானை நானும் நானாவும் இழுத்துக்கொண்டுதான் ஆசுபத்திரிக்குப் போனோம். பி.எச்.ஐ முன்னமே சொல்லியிருந்தார். டொக்டர் அம்மா கதிரையை விட்டு எழும்பினார்.

"ஐயா, நான் உங்களை நம்பேல்லை. அது பிழை."

"பரவாயில்லை. இரத்தம் உங்களுக்குச் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார் அத்தான்.

அதற்குப் பிறகு வந்த கடுதாசிகளில் எல்லாம் இறங்கியிருந்தது. மருந்து கொடுத்தார்கள். கையைத் தாங்க ஒரு பட்டை கொடுத்தார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற ஒரு மிஸ் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பழக்கினார். வயிற்றுக் குத்து முதலில் போனது. கோபம் போனது. நாய் திரும்ப அவர் பக்கத்தில் படுத்தது. கை மட்டும் கனநாள் அசையவில்லை. பிறகு ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்திருக்கும்போது சின்ன விரல் தானாக எழும்பியது. அக்கா பார்த்துவிட்டுக் குசினிக்குள் போனாள்.

வலைக்கு இப்போது கடையில் வாங்குகிற ஈயம்தான் கட்டுகிறேன். குறடால் இறுக்குகிறேன். கயிறு வெட்டுப்படவில்லை. கட்டி முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் வேறு வேலை. என் முரசிலும் அந்தக் கோடு மெல்லிசாக இருந்தது. இப்போது தெரியவில்லை. இரண்டு பல் போய்விட்டது.

நானா ஒரு புதுத் தாச்சி வாங்கிவந்தார். புது மணல் அரித்தோம். இன்றைக்கும் நாலு மணிக்குச் சில நாள் வறுக்கிறோம். கச்சான் ஒரு பக்கம் கருகுகிறது. தின்றுவிட்டு, பழைய ருசி இல்லை என்று யாராவது ஒருவர் சொல்வோம். பழைய ருசி என்னவென்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நாக்கு அதைக் கேட்கிறது. வாடை தொடங்கி வானம் இருண்டால் எனக்கு அந்த வாசம் வரும். அடுப்பு மூட்டாத நாளிலும் வரும்.

அத்தான் பரணிலிருந்து வலையைத் தானே இறக்கினார். முதலில் நனைத்த சாரத்தை எறிந்து பழகினார். பிறகு வலையை முற்றத்து மணலில். அது ஒரு பக்கம் விரியும், மறு பக்கம் மடங்கும். ஒருநாள் மேய்ந்துகொண்டு நின்ற அக்காவின் பேடு அகப்பட்டது. நானா குத்தியில் இருந்தபடி சொன்னார்: "தம்பி, கோழிக்குக் களப்பு எதுக்கு? இஞ்சையே நல்லா விழுது." அத்தான் சிரித்தார். பேட்டை வலையிலிருந்து எடுக்க ஒரு மணித்தியாலம் ஆனது. அக்கா பேசிக்கொண்டே எடுத்தாள்.

இறால் பருவத்தில் ஒரு காலை களப்புக்குப் போனோம். அத்தான் வலையோடு. அக்கா கடகத்தோடு. நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு. நான் பின்னால். நாயும் வந்தது. களப்பில் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர்கள் எங்களைப் பார்க்காதது போலப் பார்த்தார்கள்.

அத்தான் இடுப்பளவு தண்ணீருக்குப் போகவில்லை. முழங்காலளவில் நின்றார். முழங்கையில் வலையை அடுக்கினார். ஓரத்தைப் பல்லில் எடுக்கப் போனவர் நிறுத்தி, இடது கை விரலுக்குள் செருகினார். உடம்பைத் திருப்பினார். மணிக்கட்டு மேலே வெட்டியது. வலை போனது. வட்டமில்லை. முட்டை போல ஒரு பக்கம் நீண்டது. ஈயம் ஒரே சத்தமாக விழவில்லை. இரண்டு மூன்று சத்தம். ஆனால் விரிந்தது. விரிந்து விழுந்தது.

மெல்ல இழுத்தார். கரைக்குக் கொண்டுவந்து உதறினார். அக்கா வழக்கம் போலப் பார்க்காமல் அள்ளிக் கடகத்தில் போட்டு மூடப் போனாள். அத்தான் அவள் கையைப் பிடித்தார். வலது கையால் பிடித்தார்.

"எண்ணு" என்றார்.

"முதல் வீச்சு" என்றாள் அக்கா.

"எண்ணப்பா."

அக்கா கடகத்தை மணலில் வைத்தாள். குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மறுபக்கம் போட்டாள். நானா சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டு நின்றார். அத்தான் களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இறால் பதினொன்று.